முதல்முறை ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் குழு) மீட்டிங் போக வேண்டும்: சேலம், நாமக்கல் பக்கம் எப்படிக் கண்டுபிடிப்பது?

ராசிபுரத்தான் · செவ்வாய் இரவு 11.52

எல்லோருக்கும் வணக்கம். இதற்காகவே புது ஐடி தொடங்கினேன், காரணம் புரியும். வயது நாற்பதை நெருங்குகிறது. லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டிங் வேலை. முன்பெல்லாம் சனிக்கிழமை கூலி வாங்கினால்தான் குடி. இப்போது காலையில் ஒரு கட்டிங் உள்ளே போகாவிட்டால் ஸ்ப்ரே கன் பிடிக்கிற கை ஆடுகிறது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முதல் நாள் இரவே வாங்கி வண்டியில் ஒளித்து வைத்துக்கொள்கிறேன்.

சபரிமலைக்கு மாலை போட்ட வருடங்களில் ஒரு மண்டலம் தொடமாட்டேன். மலையிறங்கி வேன் கிளம்பியதும் ஆரம்பித்துவிடும். அம்மா கோயிலில் கயிறு கட்டிவிடலாம் என்கிறார். மச்சான் "ஏஏ மீட்டிங் போய்ப் பாருங்க" என்றார், ஆனால் அவருக்கும் விவரம் தெரியவில்லை. நெட்டில் தேடினால் மறுவாழ்வு மைய விளம்பரமாகவே வருகிறது. ஒன்றில் நம்பர் கொடுத்துவிட்டேன், தினமும் போன்.

மீட்டிங் எங்கே நடக்கும்? எவ்வளவு செலவாகும்? எழுந்து பேசச் சொல்வார்களா? குடியை விட்டுவிட்டுத்தான் போக வேண்டுமா? எங்கள் ஊரில் வண்டி நம்பரைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள், அதுவும் ஒரு பயம்.

கடைசிபெஞ்ச்_சேகர் · புதன் காலை 5.40

தம்பி, நான் பல வருடமாக மீட்டிங் போகிறவன். செலவிலிருந்து வருகிறேன். கட்டணம், சந்தா, பதிவு ஒன்றும் கிடையாது. நடுவில் ஒரு பை சுற்றி வரும். ஹால் வாடகை, டீச்செலவுக்கு உறுப்பினர்கள் பத்தோ இருபதோ போடுவோம். புதிதாக வருகிறவர் போட வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். வெளியாளிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது ஏஏ மரபுகளில் ஒன்று. அதனால் உங்கள் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு துரத்துகிற வேலை அங்கே இருக்காது. ஏஏ பெயரைச் சொல்லி ஒருவர் பேக்கேஜ், ரூம் வாடகை என்று பேசினால் அது ஏஏ இல்லை.

குடியை விட்டுவிட்டு வர வேண்டியதில்லை. விட வேண்டும் என்கிற விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி கிடையாது. அன்றைக்குக் குடித்திருந்தாலும் உட்கார்ந்து கேட்கலாம், பேசுவதை மட்டும் இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளச் சொல்வோம். பேசியே ஆக வேண்டும் என்றும் இல்லை. உங்கள் முறை வரும்போது "இன்றைக்குக் கேட்க வந்தேன்" என்றால் அடுத்தவரிடம் போய்விடும். பெயர் மட்டும் சொல்லுங்கள். ஊர், சாதி, வேலை எதையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

கண்டுபிடிப்பதற்கு ஏஏ இந்தியாவின் இணையதளத்தைப் பாருங்கள். உதவி எண்கள் இருக்கும். பட்டியலில் உள்ள நேரத்தை நம்பி நேரே கிளம்பாதீர்கள். பரீட்சை, திருவிழா என்று ஹால் மாறிக்கொண்டே இருக்கும், போனால் பூட்டின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். முதலில் போன். எடுப்பவர் சம்பளத்துக்கு இருப்பவர் அல்ல, அவரும் குடித்து ஓய்ந்தவர். "புதுசா வர்றேன், இந்த வாரம் ஓப்பன் மீட்டிங் எது, எந்தக் கேட் வழியா வரணும்" என்று கேட்டால் போதும். ஓப்பன் என்றால் வீட்டாரும் வந்து உட்காரலாம். க்ளோஸ்டு என்றால் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். பெரும்பாலும் சர்ச் வளாகத்திலோ பள்ளிக்கூட வகுப்பறையிலோ நடக்கும். பெரிய போர்டு எல்லாம் இருக்காது.

ஊர்ப் பயம் இருந்தால் முதல் சில கூட்டங்களுக்குச் சேலம் போய்விடுங்கள். அங்கே குழுக்கள் உண்டு, உங்களைத் தெரிந்தவர் எதிரே வர வாய்ப்பும் குறைவு. அப்படி ஒருவர் வந்தாலும் அவரும் அதற்குத்தானே வந்திருப்பார்.

நர்ஸ்_விஜி · புதன் காலை 7.15

சேகர் அண்ணா சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் ஒன்று. ராசிபுரத்து அண்ணா, காலையில் குடித்தால்தான் கை நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மீட்டிங் கேட்டு வந்த உற்சாகத்தில் நாளைக் காலையே சடாரென்று நிறுத்திவிடாதீர்கள். இந்த அளவுக்குப் பழகிய உடம்பில் நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு ஃபிட்ஸ் வரும். இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் தலை குழம்பி, இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது போல் இருப்பது என்று போய், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். வார்டில் இருக்கிறேன், வீட்டில் கட்டிப்போட்டு வைத்திருந்து கடைசி நேரத்தில் தூக்கி வருவதைப் பார்க்கிறேன்.

நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ மனநலப் பிரிவு ஓபியில் சீட்டுப் போடுங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரை அளவு அதை வைத்துத்தான். நடுக்கத்துக்கு மாத்திரை தந்து நாளுக்கு நாள் குறைப்பார்கள், பி1 சத்து ஊசி போடுவார்கள். முன்பு எப்போதாவது ஃபிட்ஸ் வந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், அட்மிட் செய்வார்கள். ராத்திரியில் பயமாக இருந்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம். ஃபிட்ஸ், குழப்பம் என்றால் யோசிக்காமல் 108.

மீட்டிங்கில் மருந்து தரமாட்டார்கள். இரண்டும் வேண்டும்.

மலைக்கோட்டை_மணி · புதன் காலை 10.03

இதெல்லாம் எதற்கு? என் பெரியப்பா ஒரே நாளில் விட்டார், செத்துப் போகும்வரை தொடவில்லை. மனக்கட்டுப்பாடு இருந்தால் போதும். நாலு குடிகாரர்கள் வட்டமாக உட்கார்ந்து பழைய கதை பேசினால் குடிக்கிற ஆசைதான் வரும். இது வேலை செய்கிறது என்று ஏதாவது ஆய்வு உண்டா?

நர்ஸ்_விஜி · புதன் பகல் 1.20

உண்டு மணி சார். 2020-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது, மொத்தம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முற்றிலும் குடிக்காமல் இருப்பது என்ற ஒன்றை அளவாக வைத்தால், ஏஏ பக்கம் முறையாக அனுப்பிவைக்கும் சிகிச்சை மற்ற மனநலச் சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் மேலாகவே வந்திருக்கிறது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் மேல்நாட்டில் நடந்தவை, நம் ஊருக்கு அப்படியே பொருந்துமா என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. பெரியப்பா விட்டது சந்தோஷம். அதே மனக்கட்டுப்பாட்டோடு முயன்று ஃபிட்ஸ் வந்தவர்கள் உங்கள் கண்ணில் படமாட்டார்கள், எங்கள் வார்டில்தான் இருப்பார்கள்.

கடைசிபெஞ்ச்_சேகர் · புதன் இரவு 9.30

மணி, "பழைய கதை" என்று சொன்னீர்களே, சங்கதியே அதில்தான் இருக்கிறது. 1935 மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். நியூயார்க்கிலிருந்து வியாபார விஷயமாக வந்த ஒரு பங்குச்சந்தை ஆள், வந்த காரியம் கெட்டு, ஓட்டல் வரவேற்பறையில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதம்தான். ஒரு பக்கம் பாரில் சிரிப்புச் சத்தம், இன்னொரு பக்கம் டெலிபோன். அவர் போன் பக்கம் போய், அங்கே போட்டிருந்த சர்ச் பட்டியலைப் பார்த்து வரிசையாகக் கூப்பிட்டு, "இந்த ஊரில் என்னைப்போல ஒரு குடிகாரனோடு பேச வேண்டும்" என்று கேட்கிறார். அப்படிக் கிடைத்தவர் ஓர் அறுவைசிகிச்சை மருத்துவர், அவரும் மொடாக்குடி. கால் மணி நேரம்தான் என்று சொல்லி வந்தவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். நடுவில் ஒருமுறை சறுக்கினார். அந்த ஜூன் 10-ஆம் தேதிதான் அவர் கடைசியாகக் குடித்த நாள். ஏஏ பிறந்த நாளும் அதுதான்.

அன்றைக்குப் போன் செய்தவர் யாரையும் திருத்தப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார். இன்றைக்கும் அதேதான். ராசிபுரத்துத் தம்பி ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தால் தொந்தரவு என்று யாரும் நினைக்கமாட்டார்கள். புது ஆள் வந்தால்தான் பழைய ஆளுக்குத் தெம்பு. உண்மையில் எனக்கு ஆசை எடுக்கிற நாளில் நான்தான் புது ஆளைத் தேடிப் போகிறேன்.

தேவகி_ஆர் · புதன் இரவு 11.10

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் வீட்டுக்காரர் வரவே மாட்டேன் என்கிறார். ஒரு விளம்பரத்தில் பொடி விற்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தால் தானாக வெறுத்துவிடும் என்று. நாத்தனார் வாங்கியே வந்துவிட்டார். போடலாமா?

நர்ஸ்_விஜி · வியாழன் காலை 6.50

தேவகி அக்கா, அந்தப் பொட்டலத்தைத் தொடாதீர்கள். இப்படித் திருட்டுத்தனமாகக் கொடுக்கிறவற்றில் டைசல்ஃபிராம் கலந்திருக்கலாம். அது நல்ல மருந்துதான், தெரிந்து சம்மதித்து, ரத்தப் பரிசோதனை பார்த்து, டாக்டர் கொடுத்தால். உடம்பில் அது இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு அடித்து, வாந்தி எடுத்து, பிரஷர் இறங்கிவிடும். இதய நோய் இருப்பவர் இறந்தும் போகலாம். நிறுத்தி இரண்டு வாரம் வரைக்கும்கூட அந்த விளைவு இருக்கும். தெரியாமல் சாப்பிட்டவர் எப்போதும்போலக் குடிப்பாரே, அதுதான் ஆபத்து.

சூரமங்கலம்_அக்கா · வியாழன் காலை 8.25

தேவகி, அவர் வராவிட்டால் நீ போ. அல்-அனான் என்று குடும்பத்தாருக்குத் தனிக் கூட்டம் இருக்கிறது, ஏஏ உதவி எண்ணிலேயே கேட்டால் சொல்வார்கள். ஆரம்ப காலத்தில் ஏஏ கூட்டத்துக்குக் கூடவே வந்த மனைவிமார் தங்களுக்குள் பேசிப் பேசி உருவானது, 1951-ல் முறையாகத் தொடங்கினார்கள். ஏஏவைத் தொடங்கிய அந்தப் பங்குச்சந்தை ஆளின் மனைவிதான் அதற்கும் தொடக்கம். ஊரைத் திருத்தப் போன புருஷனைக் கண்டு அந்த அம்மாள் செருப்பைக் கழற்றி எறிந்த கதையை அங்கே இப்போதும் சொல்வார்கள், நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

அங்கே முதலில் சொல்லித் தருவது இதுதான்: அவர் குடிக்கு நீ காரணமில்லை, அதை உன்னால் கட்டுப்படுத்தவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது. கேட்க லேசாக இருக்கும். வாரம் ஒரு நாள் அதையே கேட்டு, பிறகு ஒரு திங்கள்கிழமை அவருக்காக முதலாளியிடம் "காய்ச்சல்" என்று போன் பண்ணாமல் இருந்து பார், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். நான் அப்படி இருந்த பிறகுதான் எங்கள் வீட்டில் ஏதோ நகர ஆரம்பித்தது. எல்லா வீட்டிலும் நகரும் என்று சொல்லமாட்டேன். அடி, உதை இருந்தால் கதை வேறு, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் பண்ணு.

கருப்புச்சட்டை_காளி · வியாழன் மாலை 4.00

எனக்கும் இதில் சொந்த அக்கறை உண்டு. ஆனால் ஏஏ வழிமுறையான பன்னிரண்டு படிகளை வாசித்தால் பாதிப் படிகளில் கடவுள் வருகிறார். நடப்பதோ சர்ச்சில். நான் நாத்திகன். போனால் ஜெபம் பண்ணச் சொல்வார்களா?

கடைசிபெஞ்ச்_சேகர் · வியாழன் இரவு 10.15

சர்ச் என்பது இடம் மட்டும்தான் காளி. குறைந்த வாடகைக்கு ராத்திரியில் அறை தருகிறவர்கள் யார் இருக்கிறார்கள்? எங்கள் குழுவில் நெற்றி நிறையத் திருநீறு பூசியவரும் உண்டு, தொழுகை முடித்துத் தொப்பியோடு வருகிறவரும் உண்டு. 1939-ல் வந்த ஏஏ புத்தகத்தை எழுதியபோதே கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் சண்டை போட்டுத்தான் கடவுள் என்ற சொல்லோடு "நாம் புரிந்துகொண்ட வகையில்" என்ற சொற்களைச் சேர்க்க வைத்தார்கள். எனக்குத் தெரிந்த உங்கள் ஆள் ஒருவர், அந்த அறையில் இருக்கிற கூட்டத்தையே தன்னைவிடப் பெரிய சக்தி என்று வைத்துக்கொண்டிருக்கிறார். பிரார்த்தனை சொல்லும்போது எழுந்து நிற்பார், வாயைத் திறக்கமாட்டார். யாரும் கேட்டதில்லை.

ஒத்துவரவில்லை என்றால் டாக்டர், கவுன்சிலிங் வழியில் போங்கள். சென்னையில் இருந்தால் அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது, 1980-ல் சாந்தி ரங்கநாதன் தொடங்கியது. எந்த வழி என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

பொன்னேரி_புகழ் · வெள்ளி காலை 9.45

மறுவாழ்வு மையம் என்று பேச்சு வந்ததால் சொல்கிறேன். என் தம்பியை ஒரு மையத்துக்காரர்கள் விடியற்காலையில் வேனில் வந்து தூக்கிப் போனார்கள். நாங்கள்தான் பணம் கட்டினோம். திரும்பி வந்தபோது முதுகில் தழும்பு. இப்போது "மீட்டிங்" என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டைவிட்டு வெளியே போய்விடுகிறான். 2017 மனநலச் சட்டத்தின்படி மையம் பதிவு பெற்றிருக்க வேண்டும், நோயாளியை அடிப்பது, சங்கிலி போடுவது குற்றம். பணம் கட்டும் முன் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், நோயாளியைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடையாறு_வாசி · வெள்ளி இரவு 12.30

பெண்கள் போகலாமா என்று யாரும் கேட்கவில்லை, எனவே நானே சொல்கிறேன். போகலாம். நான் போனேன், முப்பது ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண். மரியாதையாகத்தான் நடந்தார்கள், இருந்தாலும் மனம்விட்டுப் பேச வரவில்லை. ஜூமில் பெண்களுக்கு மட்டுமான கூட்டங்கள் நடக்கின்றன, கேமராவை அணைத்துவிட்டே முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது நேரிலும் போகிறேன். ஆணாக இருந்தால் "குடிக்கிறான்" என்று முடித்துவிடுவார்கள். எங்களுக்கு அதற்கு மேல் என்னென்னவோ பட்டம் வரும், அதனால் ஜூம் பெரிய உதவி.

மட்டுறுத்துநர் · சனி காலை 10.00

ஏஏ உறுப்பினர்களின் சொந்த எண்களைப் பொதுவில் போட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. தெரிந்தவராக இருந்தாலும் போடாதீர்கள். பொடி விற்பனை விளம்பரம் போட்டவர் தடை செய்யப்பட்டார்.

ராசிபுரத்தான் · ஞாயிறு இரவு 10.20 (மூன்றாவது வாரம்)

தாமதத்துக்கு மன்னிக்கவும். விஜி சிஸ்டர் சொன்னபடி முதலில் ஆஸ்பத்திரி. டாக்டர் அட்மிட் செய்துவிட்டார். அந்த நாள்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, தூக்கமும் வியர்வையும்தான். டிஸ்சார்ஜ் ஆன மறுநாள் உதவி எண்ணுக்குப் போன் பண்ணினேன். எடுத்தவர் "சாப்பிட்டீங்களா" என்றுதான் ஆரம்பித்தார். சேலத்தில் இறங்கியதும் கூப்பிடுங்கள், கேட்டில் நிற்கிறேன் என்றார், அப்படியே நின்றார்.

ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்பு அறை. சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். கரும்பலகையில் ஏழாம் வாய்ப்பாடு அழிக்காமல் இருந்தது, அதன்மேல் பன்னிரண்டு படிகள் அச்சடித்த துணியைத் தொங்கவிட்டார்கள். பேங்கில் ரிட்டயர் ஆனவர் மாதிரி ஒருவர், காக்கிச் சட்டை ஆட்டோ டிரைவர், காலேஜ் பையன், இரண்டு கொத்தனார்கள். ஒவ்வொருவரும் பெயர் சொல்லி "நான் ஒரு குடிநோயாளி" என்றதும் மற்றவர்கள் பெயரைச் சொல்லி வணக்கம் வைக்கிறார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது.

அழுகைக் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். சிரிக்கிறார்கள்! ஒருவர், பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்ததையும், மாமியார் படி அளக்கும்போது அது டங்கென்று சத்தம் கொடுத்ததையும் சொன்னார். எல்லோரும் சிரிக்கிறார்கள், நானும் சிரித்துவிட்டேன். அப்புறம் அதே மனிதர் மகள் கல்யாணத்தன்று தான் எங்கே கிடந்தார் என்று சொன்னபோது அறையே அடங்கிவிட்டது.

பிடிக்காததும் உண்டு. ஒரு பெரியவர் அரை மணி நேரம் பேசினார், சேர்மன் மேசையைத் தட்டியும் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஆளாளுக்கு வந்து கட்டிப்பிடிக்கிறார்கள், எனக்கு அது பழக்கமில்லை. ஒருவருக்குக் குடிக்காமல் ஒரு வருடம் ஆனதற்கு "பர்த்டே" என்று கேக் வெட்டி மெடல் கொடுத்தார்கள். ஐம்பது வயது ஆளுக்குக் கேக் ஊட்டுவதைப் பார்க்க வேடிக்கையாக இருந்தது, ஆனால் அவர் சம்சாரம் முகத்தைப் பார்த்த பிறகு வேடிக்கையாக இல்லை.

நான் பேசவில்லை. கிளம்பும்போது ஒரு துண்டுச் சீட்டில் நாலைந்து நம்பர் எழுதிக் கொடுத்து, "கை அரிச்சா குடிச்சிட்டுக் கூப்பிடாதீங்க, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க" என்றார்கள். வாழ்நாள் முழுக்கக் குடிக்கமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். இன்றைக்கு ஒரு நாள் வேண்டாம், நாளைக்கதை நாளைக்கு என்றார்கள். மண்டலக் கணக்கு பார்த்த எனக்கு அது புதுசு.

சம்பள சனிக்கிழமை வரும்போது பட்டறையில் எல்லோரும் சேர்ந்து போவார்கள், அதை எப்படிச் சமாளிப்பது என்று தெரியவில்லை. அம்மாவுக்காகக் கயிறும் கட்டிக்கொண்டேன்.

கடைசிபெஞ்ச்_சேகர் · ஞாயிறு இரவு 10.48

கயிறு இருக்கட்டும் தம்பி. சனிக்கிழமை சம்பளத்தைப் பட்டறையில் வாங்காமல் வீட்டம்மா அக்கவுண்டில் போடச் சொல்ல முடியுமா பாருங்கள். சாயங்காலம் வேலை முடிகிற நேரத்துக்கு எந்தக் குழுவில் மீட்டிங் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருக்க விடாதீர்கள், பசியில்தான் ஆசை அதிகம் எடுக்கும். அந்த அரைமணிப் பெரியவர் எல்லாக் குழுவிலும் ஒருவர் இருப்பார், பழகிவிடும்.

மலைக்கோட்டை_மணி · திங்கள் காலை 9.10

நன்று தம்பி. சனிக்கிழமை என்றால் டீக்கடையில்கூட நிற்காதீர்கள், நேரே பஸ் ஏறுங்கள்.

கரூர்_பஸ்பாடி · திங்கள் மாலை 6.35

இழை முழுக்க வாசித்தேன். நானும் அதே தொழில், அதே காலைக் கட்டிங். கரூரில் தெரிந்த முகம் அதிகம், சேலமே வந்துவிடலாம் என்று பார்க்கிறேன். அடுத்த ஞாயிறு வந்தால் கேட்டில் யாராவது நிற்பார்களா?

ராசிபுரத்தான் · திங்கள் இரவு 8.05

முதலில் கரூர் பெரியாஸ்பத்திரி போய்விட்டு வாங்க அண்ணே, மேலே சிஸ்டர் எழுதியதை இன்னொரு தடவை படியுங்கள். டாக்டர் கிளம்பலாம் என்று சொன்னதும் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் போதும், நான் வந்து கூட்டிப் போகிறேன்.